சியாட்டில் மழையில் டிராவல் நர்ஸ் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஊர் ஊராக மாறி ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்க்கும் தமிழ் நர்ஸுகளின் எண்ணிக்கை கூடிவருகிறது. டெக்சஸ், ஃபுளோரிடா போன்ற வெயில் மாநிலங்களில் இருப்பவர்களுக்குச் சியாட்டிலில் இருந்து ஒரு வாய்ப்பு வந்ததும் முதலில் எழும் கேள்வி, "அங்கே எப்போதும் மழையாமே?" என்பதுதான். அது ஒன்றும் முக்கியமான கேள்வி இல்லை என்பது என் கருத்து. முக்கியமானவையும் அல்லாதவையுமாக, பலரும் கேட்டவற்றுக்கு ஐசியூவில் வேலை செய்பவளாக எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. சுவாச சிகிச்சையாளர், லேப் டெக்னீஷியன், பிசியோதெரபிஸ்ட் என்று இதே முறையில் வருகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

டிராவல் நர்ஸ் என்றால் யார்?

மருத்துவமனையின் நிரந்தர ஊழியர் அல்லர். ஒரு ஏஜென்சி வேலைக்கு எடுத்து, ஆள் பற்றாக்குறை உள்ள மருத்துவமனைக்கு அனுப்பும். வழக்கமான ஒப்பந்தம் 13 வாரம். வாரத்துக்கு 36 மணி நேரம், அதாவது 12 மணி நேர ஷிப்ட் மூன்று. முடிந்ததும் நீட்டிக்கலாம் அல்லது அடுத்த ஊருக்குப் பெட்டியைக் கட்டலாம்.

இந்தியாவிலிருந்து நேராக இந்த வேலைக்கு வர முடியுமா?

பொதுவாக முடியாது. ஏஜென்சிகள் கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ளவர்களைத்தான் கேட்கும். அதோடு உங்கள் பிரிவில் ஓரிரு ஆண்டு அமெரிக்க மருத்துவமனை அனுபவமும் வேண்டும். அமெரிக்க நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வு எழுதி, ஒரு மருத்துவமனை அல்லது நிறுவனத்தின் ஆதரவில் குடியேற்ற விசாவில் வந்து, அவர்களுடன் போட்ட ஒப்பந்தக் காலத்தை முடித்த பிறகுதான் பெரும்பாலோர் இந்தப் பக்கம் வருகிறார்கள். அந்தக் காலம் முடியும் முன்பே வெளியேறினால் பெரிய தொகை கட்டச் சொல்லும் ஷரத்துகள் உண்டு. கையெழுத்திட்ட தாளை மறுபடி எடுத்துப் படியுங்கள்.

டெக்சஸில் வாங்கிய நர்ஸ் உரிமம், சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் செல்லுமா?

பல மாநிலங்களில் செல்லுபடியாகும் கூட்டு உரிமமாக இருந்தால் செல்லும். மாநிலங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட அந்த உரிம உடன்பாட்டில் வாஷிங்டன் 2023 ஜூலையில் சேர்ந்தது. டெக்சஸும் ஃபுளோரிடாவும் ஏற்கெனவே உள்ளன. கலிஃபோர்னியா, நியூயார்க், பக்கத்து மாநிலமான ஆரிகன் ஆகியவை இதில் சேரவில்லை. அங்கே நிரந்தரமாக வசிப்பவர் வாஷிங்டன் உரிமத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். உரிமத்தின் மேலே 'ஒரு மாநிலம்' என்று இருக்கிறதா, 'பல மாநிலம்' என்று இருக்கிறதா என்பதை இன்றே பார்த்துவிடுங்கள். ஏஜென்சிக்காக ஆள் எடுக்கும் ரெக்ரூட்டரின் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

தடுப்பூசி, காசநோய்ப் பரிசோதனையில் நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு. நம்மில் ஏறக்குறைய எல்லோருக்கும் பிறந்தவுடன் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பார்கள். அதனால் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் காசநோய்ப் பரிசோதனை, நோய் இல்லாவிட்டாலும் வீங்கிக் காட்டலாம். பிறகு எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று ஒரு வாரம் அலைய வேண்டியிருக்கும். முதலிலேயே ரத்தப் பரிசோதனை கேளுங்கள். பிசிஜி அதைப் பாதிக்காது. ஹெபடைடிஸ் பி, தட்டம்மை, சின்னம்மை எதிர்ப்பாற்றல் அறிக்கைகளைப் போனில் ஒரே கோப்பாக வைத்திருங்கள். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்.

சியாட்டிலில் சென்னையைவிட அதிக மழையா?

இல்லை. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர். சியாட்டிலில் ஏறத்தாழ 1,000. நியூயார்க்கில்கூடச் சியாட்டிலைவிட அதிகம். வித்தியாசம் பெய்யும் விதத்தில்தான். சென்னையில் வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். சியாட்டில் அதையே அக்டோபரிலிருந்து ஏப்ரல்வரை, ஆண்டில் சுமார் 150 நாட்களுக்குச் சிறுகச் சிறுகப் பிரித்துக் கொடுக்கிறது. இடியும் மின்னலும் அபூர்வம். பெரும்பாலும் முகத்தில் தெளிக்கும் சாரல்தான். குற்றாலத்துச் சாரலை நினைத்துக்கொள்ளலாம், ஆனால் குளிர் அதிகம், அருவியும் கிடையாது.

மேற்கே ஒலிம்பிக் மலைத்தொடர் பசிபிக் கடலின் ஈரக்காற்றைத் தடுத்து நிறுத்துகிறது. அந்த மலையின் கடலோரப் பக்கத்தில் உள்ள ஹோ மழைக்காட்டில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் நிழலில் இருக்கும் செக்விம் என்ற சிற்றூரில் 400 தான். சியாட்டில் இரண்டுக்கும் நடுவில்.

குடை கொண்டுவர வேண்டுமா?

வேண்டாம். நவம்பர் காற்றில் குடை திரும்பிக்கொள்ளும். ஊர்க்காரர்கள் தலையை மூடும் ஜாக்கெட்டோடு நடக்கிறார்கள். உள்ளே தண்ணீர் புகாத, ஆனால் வியர்வையை வெளியே விடும் துணியில் ஒரு நல்ல ஜாக்கெட் வாங்குங்கள். 1938இல் சியாட்டிலில் மலையேறுபவர்கள் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுக் கடையான ஆர்.இ.ஐ. இங்கேதான் இருக்கிறது. அங்கே திருப்பிக் கொடுக்கப்பட்ட பழைய ஜாக்கெட்டுகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஒப்பந்த நர்ஸுக்கு அது போதும்.

ஜாக்கெட்டைவிட எனக்குக் காலணிதான் பெரிய விஷயம். மழையில் நடந்து வந்த அதே ஷூவில் 12 மணி நேரம் நிற்பது தண்டனை. நடக்க ஒன்று, வார்டுக்கு ஒன்று என்று இரண்டு ஜோடி வேண்டும். வார்டு ஷூ மருத்துவமனை லாக்கரை விட்டு வெளியே போகவே கூடாது. இறுக்கமான மருத்துவக் காலுறை ஒரு ஜோடி அதிகமாகப் பையில் இருக்கட்டும். நனைந்த காலுறையைக் கழற்றி மாற்றும் அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு ஷிப்ட் உருப்படும். வீட்டுக்கு வந்ததும் நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து வையுங்கள். ஹீட்டர்மேல் வைத்தால் பசை விட்டுப்போகும்.

அப்படியானால் இந்த ஊரில் எதுதான் கஷ்டம்?

இருட்டு. மழையைப் பற்றிப் புலம்புகிறவர்கள் பலர் உண்மையில் இருட்டைப் பற்றித்தான் புலம்புகிறார்கள். சியாட்டில் 47 டிகிரி வட அட்சரேகைக்கும் மேலே இருக்கிறது. டிசம்பர் நடுவில் காலை ஏறத்தாழ 8 மணிக்கு விடிந்து மாலை 4.20க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். இடைப்பட்ட நேரத்திலும் வானம் சாம்பல் பூசியதுபோல இருக்கும். பகல் ஷிப்ட் காலை 7 முதல் இரவு 7.30 வரை. ஜன்னல் இல்லாத வார்டாக இருந்தால், தொடர்ந்து மூன்று நாள் வேலை செய்பவர் அந்த மூன்று நாளும் பகலைப் பார்ப்பதே இல்லை. தூக்கம், பசி, மனநிலை எல்லாம் அதில் ஆட்டம் காணும்.

இதற்கு ஊர் முழுக்கத் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு: 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்கு. எழுந்தவுடன் 20 முதல் 30 நிமிடம் அதன் எதிரே உட்கார்ந்து காபி குடிக்கலாம். கண்நோயோ இருதுருவ மனநோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் இதை மாலையில், வேலைக்குக் கிளம்பும் முன் பயன்படுத்த வேண்டும். காலையில் வீடு திரும்பிய பிறகு அதன்முன் உட்கார்ந்தால் தூக்கம் போய்விடும்.

நம் நிறத் தோலுக்கு இந்தக் குளிர்காலச் சூரியனில் வைட்டமின் டி கிடைக்காது. வருவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரை எடுப்பது நல்லது. நர்ஸுகள்தான் நமக்கு நாமே மருந்து எழுதிக்கொள்வதில் முதல் ஆள்; அதனால் சொல்கிறேன்.

சம்பளத்தில் பாதி 'வரி இல்லாத படி' என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான், நிபந்தனையோடு. சம்பளத்தை இரண்டாகப் பிரிப்பார்கள்: மணிக்கு இவ்வளவு என்று வரிக்குட்பட்ட கூலி, அதற்குமேல் வீட்டுவாடகைப் படியும் சாப்பாட்டுப் படியும். படிக்கு வரி இல்லாமல் இருக்க வேண்டுமானால், வேறு ஊரில் உங்களுக்கு நிரந்தர வீடு இருக்க வேண்டும். அதற்கும் நீங்கள் வாடகையோ கடனோ உண்மையாகவே கட்டிவர வேண்டும். இரண்டு இடத்தில் செலவு ஆகிறது என்பதால்தான் அந்தச் சலுகை.

நம்மவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். டாலஸ் வீட்டைக் காலி செய்து, சாமான்களை நண்பர் வீட்டு கராஜில் போட்டுவிட்டு, அவர் முகவரியை மட்டும் நிரந்தர முகவரி என்று எழுதிக் கொடுப்பார்கள். வருமான வரித் துறை அதை வீடாக ஒப்புக்கொள்ளாது. படி முழுவதும் வருமானமாகக் கணக்கிடப்படும். ஒரே பகுதியில் ஓராண்டுக்கு மேல் வேலை செய்தாலும், செய்யும் எண்ணம் இருந்தாலும் சலுகை போய்விடும். 'எல்லா நர்ஸும் இப்படித்தான் செய்கிறார்கள்' என்று ரெக்ரூட்டர் சொல்வார். வரித் துறை கடிதம் ரெக்ரூட்டருக்கு வராது. டிராவல் நர்ஸ் கணக்கு பார்த்துப் பழகிய ஒரு வரி ஆலோசகருக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

வாஷிங்டன் மாநிலத்தில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. ஆனால் சியாட்டிலில் விற்பனை வரி 10 சதவீதத்துக்கு மேல். மளிகைச் சாமானுக்கு அது இல்லை, ஓட்டல் சாப்பாட்டுக்கு உண்டு. சமைக்கத் தெரிந்தவருக்கு இந்த ஊர் சாதகம்.

ஒப்பந்தத்தில் எந்த வாசகத்தைத் தேட வேண்டும்?

'உத்தரவாத மணி நேரம்' என்ற வாசகத்தை. நோயாளிகள் குறைந்த நாளில், முதலில் 'இன்று வர வேண்டாம்' என்று சொல்லப்படுபவர் டிராவல் நர்ஸ்தான். உத்தரவாதம் இல்லாவிட்டால் அன்றைய கூலியும் போகும், படியிலும் பிடிப்பார்கள். எத்தனை ஷிப்ட்வரை மருத்துவமனை ரத்து செய்யலாம், நீங்கள் உடல்நலமில்லாமல் விடுப்பு எடுத்தால் எவ்வளவு பிடித்தம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி 40 மணி நேர வேலைக்கு 1 மணி நேரம் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு சேரும். ஆனால் அதைப் பயன்படுத்தும் உரிமை வேலையில் சேர்ந்து 90ஆம் நாளில்தான் வரும். 13 வாரம் என்பது 91 நாள். ஏஜென்சியே முன்கூட்டி அனுமதித்தால் தவிர, ஒரே ஒப்பந்தத்தோடு கிளம்புகிறவருக்கு அந்த விடுப்பு கண்ணில் காட்டிவிட்டுப் பறிப்பதுபோலத்தான்.

எங்கே வீடு பார்ப்பது?

நகரத்தின் பெரிய மருத்துவமனைகளான ஹார்பர்வியூ, ஸ்வீடிஷ், வர்ஜீனியா மேசன் மூன்றும் ஃபர்ஸ்ட் ஹில் என்ற ஒரே குன்றில் இருக்கின்றன. நடக்கும் தொலைவில் வீடு கிடைத்தால் வாடகை கூடுதல்தான், ஆனாலும் குளிர்கால ஒப்பந்தத்துக்கு நான் அதையே சொல்வேன். இரவு 7.30 மணிக்கு மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, மிச்சம் பிடித்த வாடகை பெரிதாகத் தெரியாது.

மலிவாக வருபவை பெரும்பாலும் தரைக்குக் கீழே உள்ள அடித்தள வீடுகள். அவற்றில் ஈரமும் பூஞ்சையும் பிரச்சினை. ஜன்னல் திறக்குமா, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் உண்டா, துணி உலர்த்தும் இயந்திரம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறதா என்று கேளுங்கள். கயிறு கட்டிக் காயப்போடும் வழக்கத்தை இங்கே மறந்துவிட வேண்டும். காட்டன் நைட்டி நாலு நாள் ஆனாலும் சில்லென்றே இருக்கும், பிறகு வாடை அடிக்கும்.

வீடியோவில்கூட வீட்டைக் காட்டாமல் முன்பணம் கேட்பவரை உடனே விட்டுவிடுங்கள். டிராவல் நர்ஸுகளைக் குறிவைத்தே ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நாம் தூரத்திலிருந்து, அவசரத்தில், கையில் படியோடு வருகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

சிலர் கடலுக்கு அக்கரையில் பிரெமர்ட்டனில் தங்கிக் கப்பலில் வருகிறார்கள். வாடகை குறைவு, காட்சி அழகு. கார் ஏற்றும் கப்பலில் ஒரு மணி நேரப் பயணம். காற்றாலோ பழுதாலோ கப்பல் ரத்தானால் அழகெல்லாம் போய்விடும். வாரம் மூன்று நாள் என்பதால் துணிகிறவர்கள் துணியலாம்.

கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

ஃபர்ஸ்ட் ஹில்லில் வேலை என்றால் தாராளமாக. விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு லிங்க் ரயில் இருக்கிறது; ஆர்க்கா அட்டை ஒன்று வாங்கினால் ரயில், பஸ், கப்பல் மூன்றுக்கும் ஆகும். ஆனால் மருத்துவமனைகள் நிறைந்த அந்தக் குன்றில் மட்டும் ரயில் நிலையம் இல்லை. திட்டத்தில் இருந்ததை மண்ணின் தன்மையும் செலவும் காரணமாக 2005இல் கைவிட்டார்கள். அதற்கு ஈடாக 2016இல் டிராம் விட்டார்கள், 2024 செப்டம்பரில் மேடிசன் சாலையில் விரைவு பஸ்ஸும் வந்தது. மேடிசன் சாலையின் ஏற்றம் அப்படி. ஒருமுறை ஏறிப் பார்த்தவர்கள் பஸ்ஸின் அருமையை உணர்வார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் ரயிலே தாமதமாகத்தான் கிளம்பும்; காலை 7 மணி ஷிப்டுக்கு முன்பே அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார் கொண்டுவந்தால் உள்ளே ஒரு பையைக்கூட விட்டுவைக்காதீர்கள். கண்ணாடியை உடைப்பார்கள். மரத்தடியில் நிறுத்தினால் ஜன்னல் ரப்பரில் பாசி பிடிக்கும். சிரிக்காதீர்கள், நிஜமாகவே பிடிக்கும்.

முதல் வாரம் வார்டில் எப்படி இருக்கும்?

நிரந்தர ஊழியருக்கு வாரக்கணக்கில் அறிமுகப் பயிற்சி. உங்களுக்கு ஓரிரு ஷிப்ட். அதன்பிறகு நோயாளிகள் உங்கள் கையில். மருத்துவ அறிவு எங்கும் ஒன்றுதான். ரத்த அழுத்தத்தை உயர்த்தும் நோர்எபிநெஃப்ரின் டெக்சஸிலும் நோர்எபிநெஃப்ரின்தான். திணறுவது எதில் என்றால், சக்ஷன் டப்பா எந்த அலமாரியில், மருந்து வழங்கும் இயந்திரத்தில் உங்கள் விரல்ரேகை ஏன் இன்னும் பதியவில்லை, ரத்த மாதிரியை லேபுக்கு அனுப்பும் காற்றுக் குழாயில் எந்த எண்ணை அழுத்துவது, இரவில் மருத்துவரை அழைப்பது பேஜரிலா போனிலா என்பதில்.

நான் செய்வது இது. முதல் ஷிப்டில் அரை மணி நேரம் முன்னால் போய்விடுவேன். ஈர ஜாக்கெட்டை லாக்கரில் மாட்டிவிட்டு, மடித்த ஒரு தாளோடு வார்டைச் சுற்றி நடப்பேன். அவசர மருந்துத் தள்ளுவண்டி நிற்கும் இடம், இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் டீஃபிப்ரிலேட்டர் எந்த மாதிரி, இதயம் நின்றுபோனால் கொடுக்கும் 'கோட் ப்ளூ' அழைப்புக்கு அழுத்தும் பொத்தான், அவசரக் குழுவின் எண், ஆக்சிஜன் அடைப்பான், கதவுக் குறியீடு. அந்தத் தாள் மார்புப் பையிலேயே இருக்கும். ஒப்பந்தம் முடியும்போது அது கிழிந்து நூலாகியிருக்கும், மனப்பாடமும் ஆகியிருக்கும்.

கேள்வி கேட்கக் கூச்சப்படாதீர்கள். 'எங்கள் பழைய மருத்துவமனையில் இப்படிச் செய்வோம்' என்ற வாக்கியத்தை மட்டும் முதல் மாதம் விழுங்கிவிடுங்கள். வேறு வார்டில் ஆள் குறைந்தால் முதலில் அனுப்பப்படுவதும் நீங்கள்தான். அதை அவமானமாக எடுத்துக்கொள்கிறவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது.

நோயாளிகள் எப்படிப்பட்டவர்கள்?

ஹார்பர்வியூ மருத்துவமனைதான் வாஷிங்டன், அலாஸ்கா, மொன்டானா, ஐடஹோ ஆகிய நான்கு மாநிலங்களுக்கும் முதல்நிலை விபத்துச் சிகிச்சை மையம். அலாஸ்காவில் மீன்பிடிக் கப்பலில் கை நசுங்கியவரை விமானத்தில் ஏற்றி இங்கே கொண்டுவருவார்கள். அலாஸ்காவின் சிட்காவில் தீ விபத்தில் குழந்தைகள் இறந்த பிறகு, 1982இல் மருத்துவர் மைக்கேல் கோபாஸ் தொடங்கிய ஏர்லிஃப்ட் நார்த்வெஸ்ட் இந்தப் பணியைச் செய்துவருகிறது. இதனால் வார்டில் ஒரு தனி நிலைமை உண்டு: நோயாளி இங்கே, குடும்பம் ஆயிரம் மைலுக்கு அப்பால். போனில் குடும்பத்தோடு பேசுவதும் நர்ஸ் வேலையில் பெரிய பங்காகிவிடும்.

இன்னொரு புறம், தெருவில் மழையில் படுத்திருந்து உடல் சூடு இறங்கி வருபவர்கள், ஃபென்டனில் என்ற போதைமருந்து மிகையாகி வருபவர்கள், நாள்கணக்கில் ஈரக் காலணியில் இருந்து கால் வெளிறி ஊறிப்போனவர்கள். அவர்களின் காலுறையைக் கழற்றும்போது மெதுவாகக் கழற்ற வேண்டும், தோலும் கூடவே வரும். கழற்றிய ஈர உடையைப் பையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள், தூக்கி எறியாதீர்கள். அவர்களுக்கு உள்ள சொத்து அவ்வளவாகத்தான் இருக்கும்.

மொழி இன்னொரு விஷயம். சோமாலி, அம்ஹாரிக், வியட்நாமியம், ஸ்பானிஷ் பேசுபவர்கள் நிறைய. உறவினரை மொழிபெயர்க்கச் சொல்லாமல் மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளரை அழைக்க வேண்டும். தமிழ் நோயாளி வந்தாலும், மருத்துவமனை உங்களுக்கு அந்தத் தகுதிச் சான்று கொடுக்காதவரை, ஒப்புதல் படிவத்தை நீங்களே விளக்கக் கூடாது. 'தண்ணீர் வேண்டுமா, வலிக்கிறதா' என்று கேட்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.

12 மணி நேரத்தில் சாப்பிட நேரம் கிடைக்குமா?

சட்டப்படி கிடைக்க வேண்டும். அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளையும், நான்கு மணி நேரத்துக்கு 10 நிமிட ஓய்வும் உண்டு. மருத்துவமனை நர்ஸுகளுக்கு அது இடையூறில்லாமல் கிடைக்க வேண்டும் என்று 2020 முதல் தனிச் சட்டமே நடைமுறைக்கு வந்தது. கிடைக்காவிட்டால் நேரப் பதிவில் குறிப்பிடுங்கள். புதிதாக வந்தவர் எப்படிக் குறிப்பிடுவது என்று தயங்கினால், இழப்பு உங்களுக்கு மட்டும் இல்லை. ஆள் போதவில்லை என்பதற்கான பதிவும் காணாமல் போகிறது.

மழையில் நனைந்தால் சளி பிடிக்காதா என்று அம்மா கேட்கிறார்.

வைரஸ்தான் சளி தருகிறது என்று நர்ஸாக நீங்கள் சொல்லலாம். அம்மா ஏற்கமாட்டார். தலையைத் துவட்டிக்கொண்டே வீடியோ காலில் வந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

இட்லி மாவு, கறிவேப்பிலை?

சியாட்டிலுக்குக் கிழக்கே, வாஷிங்டன் ஏரிக்கு அந்தப் பக்கம் பெல்வியூ, ரெட்மண்ட், பாத்தெல் ஊர்களில் மென்பொருள் வேலைக்கு வந்த தமிழர்கள் ஏராளம். இந்திய மளிகைக் கடைகளும் ஓட்டல்களும் அங்கேதான். கோயில் வேண்டுமானால் பாத்தெலில் இருக்கிறது. கார் இல்லாதவர்கள் ஃபர்ஸ்ட் ஹில்லிலிருந்து அதே டிராமில் ஏறி லிட்டில் சைகான் பகுதியில் இறங்கினால் வியட்நாமியக் கடைகளில் பாகற்காய், வெண்டைக்காய், காராமணி, வாழை இலைகூடக் கிடைக்கும். மழை நாளில் ரசம் வைக்கக் கேட்பானேன்.

நண்பர்கள் கிடைப்பார்களா?

இந்த ஊர்க்காரர்கள் இனிமையாகப் பேசுவார்கள், வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள். அதற்கு ஒரு பெயரே உண்டு, சியாட்டில் ஃப்ரீஸ். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். மற்ற டிராவல் நர்ஸுகளும் தனியாகத்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் நீங்கள் முதலில் பேசுங்கள். மேகம் விலகி, தெற்கே 4,392 மீட்டர் உயரத்தில் ரெய்னியர் மலை தெரியும் நாளில் மட்டும் யாரும் யாரிடமும் பேசுவார்கள். "மலை வெளியே வந்திருக்கிறது" என்று லிஃப்டில் அறிமுகமில்லாதவர் சொன்னால், ஜன்னல் பக்கம் போய்ப் பாருங்கள்.

எந்த மாதத்தில் தொடங்கும் ஒப்பந்தத்தை எடுப்பது நல்லது?

முதல்முறை வருகிறவருக்கு என் பரிந்துரை ஏப்ரல் நடுப்பகுதி. மழையையும் பார்ப்பீர்கள், ஜூனில் இரவு 9 மணிவரை வெளிச்சத்தையும் பார்ப்பீர்கள். அக்டோபரில் தொடங்கினால் முழு ஒப்பந்தமும் இருளுக்குள் இறங்கிக்கொண்டே போகும். கோடையும் முழுச் சொர்க்கம் இல்லை. பல வீடுகளில் ஏசி கிடையாது. 2021 ஜூன் 28 அன்று வெப்பம் 42 டிகிரியைத் தொட்டது. ஆகஸ்ட், செப்டம்பரில் காட்டுத்தீப் புகை வரும் ஆண்டுகளும் உண்டு. இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு மட்டும் கணக்கு தலைகீழ்: டிசம்பரில் பகலில் நன்றாகத் தூங்கலாம், ஜூனில் தடித்த திரைச்சீலை இல்லாமல் கண்மூட முடியாது.

குழந்தைகளோடு வரலாமா?

பள்ளிப் பருவக் குழந்தை இருந்தால் கோடை ஒப்பந்தம் மட்டும். 13 வாரத்துக்காகப் பள்ளி மாற்றுவது குழந்தைக்குச் செய்யும் அநியாயம்.

நீட்டிக்கச் சொன்னால் உடனே சரி சொல்லலாமா?

முதலில் வாடகை வீட்டின் உரிமையாளரிடம் கேளுங்கள், பிறகு ஏஜென்சியிடம். நீட்டிப்பில் கூலியைக் குறைத்துப் போடப் பார்ப்பார்கள். புதிதாக ஒருவரைப் பழக்குவதைவிட உங்களை வைத்துக்கொள்வது மருத்துவமனைக்குச் சுலபம் என்பதை நினைவில் வைத்துப் பேசுங்கள். ஏற்கெனவே திட்டமிட்டிருக்கும் விடுமுறை நாட்களையும் ஊருக்குப் போகும் டிக்கெட்டையும் புதிய ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். வரிச் சலுகைக்கான ஓராண்டுக் கணக்கு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கோடை நெருங்கும் நேரமாக இருந்தால் வீட்டு உரிமையாளரை அதிகம் காக்க வைக்க வேண்டாம். அந்த வீட்டுக்கு ஜூனில் ஆள் கிடைப்பது அவருக்கு ஒரு விஷயமே இல்லை.